கூடப்பிறந்தவனா

கொம்தாரில் பதினேழாவது மாடி.
ஏர்கான் தேவைக்கு மேல் வேலை செய்கிறது.
நான் மொழிபெயர்ப்பாளர். அமர்வுக்கு எண்பது வெள்ளி,
கார் நிறுத்தும் காசு என் பொறுப்பு.

மேசையில் ஒரு கோப்பு:
பாசார் தெரு, மீனலோசனி உணவகம்,
பீர் விற்கும் உரிமம், மறுபரிசீலனை.
காரணம் ஒரே வரி.
அடுப்படியில் மூவர், பரிமாற ஒருவர்,
நால்வருக்கும் பெர்மிட் இல்லை.

தவசிலிங்கம் சட்டையை உள்ளே விட்டு வந்திருக்கிறார்.
பழக்கமில்லாத பெல்ட்டு,
அடிக்கொரு தரம் இழுத்துவிட்டுக்கொள்கிறார்.
நெற்றியில் திருநீறு. கையில் பிளாஸ்டிக் உறை.
உறைக்குள் ரசீதுகள்,
எல்லாம் பீருக்கான ரசீதுகள்.

"பாருங்கம்மா" என்கிறார் என்னிடம்,
வாரியத்திடம் சொல்ல வேண்டியதை.
"ஒவ்வொரு புட்டிக்கும் சுங்க முத்திரை இருக்கு.
கள்ளச் சரக்கு ஒண்ணுகூட வச்சதில்ல."
உண்மைதான். அதை மலாயில் சொன்னேன்.
எந்தப் புட்டி எந்தத் தேதியில் வந்தது,
எவ்வளவு வரி கட்டியது,
எல்லாம் அவருக்கு மனப்பாடம்.
மேடம் கோ ரசீதுகளைப் புரட்டி
சரியாக இருக்கிறது என்று தலையசைத்தார்.

பிறகு என்சிக் ஹஸ்னுல்
சோதனை நடந்த இரவின் அறிக்கையை எடுத்தார்.
மணி ஒன்பது இருபது.
பின்கதவு வழியாக ஓடிய ஒருவன்
எண்ணெய்த் தகரத்தில் தடுக்கி விழுந்தான்.
வலது முட்டியில் காயம்.
யார் இவன்?

"தம்பிங்கம்மா. சும்மா உதவிக்கு வந்தவன்.
சம்பளமெல்லாம் கிடையாது."

தம்பி.
எண்பது வெள்ளிக்கு இதை எப்படி மாற்றுவது?
அடிக் என்றேன்.
கூடப்பிறந்தவனா, என்றார் தலைவர்.
கூடப்பிறந்தவனா, என்றேன் நான்.
தவசிலிங்கம் பெல்ட்டை இழுத்துக்கொண்டார்.
"கூடப்பிறந்தவன் மாதிரி."
அப்படியானால் பெயர்?

அவர் கூரையைப் பார்த்தார்.
ரசீதுகளைப் பார்த்தார், அங்கே இருக்குமோ என்று.
கடைசியில் என்னைப் பார்த்தார்,
எனக்குத் தெரியும் என்பதுபோல.

எனக்கும் தெரியாது.
இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும்
அந்தக் கடையில் சாப்பிட்டிருக்கிறேன்.
தம்பி, ரசம்.
தம்பி, இன்னொரு அப்பளம்.
தம்பி, பில்லு.
மோர்மிளகாய் எனக்குப் பிடிக்குமென்று
சொல்லாமலே இரண்டு வைப்பான்.
புதுக்கோட்டைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரியும்,
அதற்கு மேல் நான் கேட்டதில்லை.
இதையெல்லாம் மொழிபெயர்க்கும்படி
யாரும் சொல்லவில்லை.

அறிக்கையில் ஒரு பெயர் இருந்தது.
"அடாய் கலாம்" என்று தலைவர் கஷ்டப்பட்டு வாசித்தார்.
அடைக்கலம்.
பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாதென்பது விதி.
நான் மீறவில்லை.

அறுபது நாள் உரிமம் நிறுத்தம்.
பீர்ப் பெட்டிக்குச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும்.
உள்ளே இருக்கும் நூற்று நாற்பத்திரண்டு புட்டிகளும்
தடை நீங்கும்வரை பத்திரமாக இருக்க வேண்டும்.
அந்த நால்வர்?
அதை வேறு இலாகா பார்க்கும்.

லிப்டில் தவசிலிங்கம் மெதுவாகச் சொன்னார்:
"லெவிக்குக் காசு கட்டினேம்மா, ஏஜெண்டுகிட்ட.
அதுக்குத்தான் ரசீது தரல."
நம்பலாமா என்று யோசிப்பதற்குள்
தரைத்தளம் வந்துவிட்டது.

பசி. பினாங்குத் தெருவில் வேறொரு கடை.
இலை போட வந்தவனுக்கு இருபது வயதிருக்கும்.
தம் என்று நாக்குவரை வந்ததை விழுங்கிவிட்டு
உங்க பேரென்ன என்று கேட்டேன்.

அவன் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தான்.
கழற்ற மறந்திருந்தேன்.
"இதோ வர்றேங்க்கா" என்றவன்
சாம்பார் வாளியை என் மேசையிலேயே வைத்துவிட்டு
உள்ளே போனான்.

கல்லாவிலிருந்து முதலாளியே எழுந்து வந்து
எனக்குச் சோறு போட்டார்.
கடைசிவரை
பணம் வாங்க மாட்டேனென்றார்.